ஐந்தாம் நாள் சூப்பு

சுரைக்காய் சூப்பில் உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், மேடம். முதலிலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டுக் குழைந்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஜாஸ்மின். முப்பத்திரண்டு வருடம் அவள் சமைத்தாள், நான் சாப்பிட்டேன். கடைசி நான்கு மாதம், மாதத்தில் ஐந்து நாள், நான் சமைத்தேன், அவள் சாப்பிட்டாள். நீங்கள் கேட்பது அந்த நாட்களைப் பற்றித்தான். சொல்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

என் பெயர் ஜான்சன். வயது அறுபத்தொன்று. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு வருடம் ஃபினிஷிங் பிரிவில் ஃபோர்மேன். ஃபினிஷிங் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பதப்படுத்திய தோல் எங்களிடம் வரும்போது முள்கம்பி கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி எல்லாம் அதில் தெரியும். மேல்பக்கத்தை மெல்லத் தேய்த்து, நிறம் அடித்து, பூச்சுக் கொடுத்து அனுப்புவோம். வாங்க வருகிறவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். காட்டிய மாதிரிக்கும் இதற்கும் நிறம் கொஞ்சம் மாறினாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அப்போதுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஒரு சொட்டுக் கறுப்பு, ஒரு சொட்டு மஞ்சள் என்று கலந்து இன்னொரு கை அடித்துக் கொடுப்பேன். சரக்கு பாஸ் ஆகிவிடும். இதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. கரெக்‌ஷன் என்பார்கள். அதில் என் கை நல்ல கை என்று ராணிப்பேட்டை வரைக்கும் பெயர் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு யாரும் கூப்பிடவில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

ஜாஸ்மினுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. தினம் இரண்டு மாத்திரை, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. போன வருடம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மாதத்தில் ஐந்து நாள், முழுப் பட்டினியும் இல்லை, முழுச் சாப்பாடும் இல்லை. முதல் நாள் பாதி வயிறு, அடுத்த நான்கு நாள் அதிலும் கம்மி. காய்கறி சூப், நான்கு பாதாம், இரண்டு அக்ரூட் பருப்பு, கொஞ்சம் கீரை. உடம்பு தான் உபவாசம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுமாம். உபவாசத்தின் பலன் கிடைக்கும், ஆனால் உபவாசம் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

கண்மூடித்தனமாக ஆரம்பித்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வேலூருக்கு அழைத்துப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் சோபனா என்று சின்னப் பெண். சிரிக்கவில்லை, விரட்டவும் இல்லை. "இதைப் பத்தி ஆராய்ச்சி நடக்குது சார். சில பேருக்கு எடை குறையுது, பிரஷர், சுகர் கொஞ்சம் எறங்குது. ஆனா எல்லாருக்கும் ஒத்துக்காது. அதுவும் மாத்திரை போடறவங்க தானா செய்யவே கூடாது. மாசாமாசம் கூட்டிட்டு வரணும். நான் பார்த்துக்கிட்டேதான் செய்யணும்" என்றார். பிறகு சிறிய மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "அந்த அஞ்சு நாள் இது ஒண்ணுகூட வேணாம். சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இது சர்க்கரையக் கீழ இழுத்துடும். வேர்த்துக் கொட்டுனா, கை நடுங்குனா, பேச்சு கொழறுனா, எதையும் யோசிக்காதீங்க, மொதல்ல ஒரு ஸ்பூன் சக்கரைய வாயில போடுங்க." அதையெல்லாம் சிவப்பு மையில் சீட்டின் அடியில் எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டை என் வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன். உங்கள் போலீஸ் ஆட்கள் எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

நவம்பரில் முதல் ஐந்து நாள். ஜாஸ்மின் தட்டைப் பார்த்துச் சிரித்தாள். "பிரியாணி ஊர்ல பொறந்துட்டு சொரக்கா தண்ணி குடிக்கணும்னு என் தலையில எழுதியிருக்குது. ஏங்க, காய் உள்ள நீந்துது பாருங்க, வல போட்டுப் புடிங்க" என்றாள். ஆனால் குடித்தாள். சொன்னதைக் கேட்கிற பெண். ஐந்து நாள் முடிந்தபோது இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. காலைச் சர்க்கரை நூற்றுத் தொண்ணூறிலிருந்து நூற்று இருபத்தைந்துக்கு வந்திருந்தது. இது உண்மையான எண், மேடம். நான் கை வைக்காத எண். அதைக் காலண்டரில் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். என் மனைவி சூப்பால் குணமடைந்தாள், மாத்திரைகளை அடியோடு விட்டுவிட்டோம் என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஐந்து நாளைக்குச் சிறிய மாத்திரை வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் சாட்சி என்பது முழுமையாக இருந்தால்தான் கேட்பவர்களுக்குத் தைரியம் வரும். ஆராதனை முடிந்ததும் பதினாறு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஃபோர்மேன் ஐயா, எங்களுக்கும் எழுதிக் குடுங்க" என்றார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெயரில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலமே போனில் ஒரு குழு ஆரம்பித்தேன்.

டாக்டர் மறு மாதம் வரச் சொல்லியிருந்தார். போகவில்லை. நன்றாக இருப்பவளை எதற்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது.

சாட்சி சொன்ன நாளிலிருந்து அவளுக்கு இரண்டு மாத்திரையும் கொடுக்கவில்லை. டிசம்பர் கடைசியில் எண் ஏறியது. நூற்று எண்பத்தாறு. மறுநாள் இருநூற்று ஒன்று. மாத்திரையை நிறுத்தியதால் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். ஜாஸ்மினுக்குத் தெரியாது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சர்க்கரை பார்க்கும் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் விசுவாசம்தாங்க கம்மி. உங்களுக்கு அவமானமாப் போச்சு" என்று அழுதாள். அவள் அழுவதை என்னால் தாங்க முடியாது. எப்போதும் முடிந்ததில்லை.

அலமாரியில் பழைய மாத்திரை அட்டை இருந்தது. சிறிய மாத்திரையில் பாதியை ஸ்பூனின் முதுகால் நசுக்கி, மற்ற நாட்களில் அவளே ராத்திரி வைத்துக் குடிக்கும் சூப்பில் கலந்தேன். மறுநாள் நூற்று முப்பத்தொன்று. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நைட்டியோடு பின்பக்க மதிலுக்கு ஓடி, "நசீமா, எறங்கிடுச்சுடீ" என்று பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுச் சொன்னாள். சின்னச் சின்ன இரக்கங்களால்தான் வீடு நிற்கிறது என்று எங்கள் பாதிரியார் சொல்வார். நான் செய்தது அப்படி ஒன்றுதான். அவளுக்குச் சேர வேண்டிய மருந்தையே அவளுக்குக் கொடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எண் ஏறும்போதெல்லாம் கலந்ததில் பழைய அட்டை தீர்ந்தது. ஆம்பூர் மருந்துக் கடைகளில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஆகவே வேலூர் லாங் பஜாருக்கு பஸ் ஏறினேன். அங்கே அக்ரூட்டும் மலிவு. ஒரே பையில் அக்ரூட், பாதாம், நான்கு அட்டை மாத்திரை. ஜனவரியில், ஐந்து நாள் உணவு நடக்கும்போதே, ஒருநாள் அரை மாத்திரை கலந்து பார்த்தேன். கொஞ்சம் நடுங்கினாள். பிறகு சரியாகிவிட்டது. என் கை அளவு தப்பாது என்று அப்போது நம்பிக்கை வந்தது.

நசீமுன்னிசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகார் கொடுத்தது அவள் என்று தெரியும். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. ஷூ கம்பெனியில் தையல் வேலை. புருஷன் இல்லை. இருபது வருடமாகப் பக்கத்து வீடு. ரம்ஜான் மாதம் முழுக்க, நோன்பு திறக்கும் நேரத்தில், எங்களுக்கும் ஒரு எவர்சில்வர் தூக்கில் நோன்புக் கஞ்சி வரும். ஜாஸ்மின் அந்தத் தூக்கை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. வேறு ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பாள். "அன்பாக் குடுத்த பாத்திரம், காலியாப் போகக் கூடாதுங்க" என்பாள். எனக்கும் அது பழகிவிட்டது.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய எங்கள் லெந்து விரத நாட்களும் அவர்களுடைய ரம்ஜானும் ஒன்றாக வந்தன. நல்ல அடையாளம் என்று எண்ணினேன். செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபை மண்டபத்தில் கூட்டம். ஜாஸ்மின் எல்லார் முன்னும் விரலைக் குத்தி ரத்தம் எடுத்து எண்ணைக் காட்டுவாள் என்று குழுவில் அறிவித்தேன். நூற்றுப் பத்துக்குள் இருக்கும் என்றும் எழுதினேன். பதினாறு பேர் போகப் புதிதாக இருபது பேர் வருவதாகச் சொன்னார்கள்.

செவ்வாய் மாலை நசீமுன்னிசா தூக்கோடு வந்தாள். நான் கேட்டிலேயே வாங்கிக்கொண்டேன்.

"அக்காவுக்குக் குடுங்கண்ணே. சூடா இருக்குது."

"அவ அஞ்சு நாள் விரதத்துல இருக்கா தங்கச்சி."

"இன்னாண்ணே விரதம் இது? எங்களுக்கு மசூதில பாங்கு சொன்னா கஞ்சி. ஒங்க விரதத்துக்கு பாங்கு யாரு சொல்றது?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சீக்காளிங்களுக்கு நோன்பே கெடையாதுண்ணே. எங்க அல்லாவே விட்டுக் குடுத்துட்டாரு. நீங்க ஏன் புடிவாதமா இருக்கீங்க?" என்றாள்.

நன்றி சொல்லி அனுப்பினேன். கஞ்சி வாசனை ஜாஸ்மினுக்கு ஆசை காட்டும் என்பதால் உள்ளே கொண்டுபோகவில்லை. சாப்பாட்டை வீணாக்குவது பாவம். ஆகவே துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்து நானே குடித்தேன். தூக்கைக் கழுவி, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். புதன், வியாழனும் அப்படியே.

அந்த மூன்று நாளும் சூப்பில் அரை மாத்திரை கலந்தேன். வியாழக்கிழமை மதியம் ஜாஸ்மினுக்கு வேர்த்தது. புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. "ஏங்க, கை ஒதறுதுங்க. கண்ணு மங்குது. கொஞ்சம் சக்கர வாயில போடுங்களேன்" என்றாள். உடம்பு அழுக்கை வெளியே தள்ளுகிறது, வீடியோவில் அப்படித்தான் சொல்கிறார்கள், இன்னும் இரண்டு நாள்தான் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க" என்றாள். அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று நீங்கள் கேட்டீர்கள். தெரியவில்லை. நம்பினாள் என்றே எடுத்துக்கொண்டேன். தலையணை உறையை மாற்றி, நெற்றியை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை நாற்காலி போடுவதற்காக மண்டபத்துக்குப் போயிருந்தேன். அன்று நசீமுன்னிசா பின்பக்க மதில் வழியாகக் கஞ்சி கொடுத்திருக்கிறாள். சனிக்கிழமை காலை எண் நூற்று ஐம்பத்தெட்டு. நான் கேட்பதற்கு முன்பே ஜாஸ்மின் சொல்லிவிட்டாள்.

"நானே சொல்லிட்றேன், திட்டாதீங்க. நசீமா குடுத்தா. ரெண்டு டம்ளர் குடிச்சிட்டேன். அந்த வாசன வந்ததும் முடியலீங்க." போர்வையை மடித்து வைத்தாள். பிறகு, "எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா" என்றாள்.

நான் திட்டவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை, குரல் உயர்த்தியதும் இல்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். நூற்று ஐம்பத்தெட்டு ஒரு பெரிய எண்ணும் இல்லை. டாக்டர் சோபனா பார்த்திருந்தால் நல்லது என்றுகூடச் சொல்லியிருப்பார். ஆனால் நான் நூற்றுப் பத்து என்று சொல்லிவைத்திருந்தேன். மாதிரி காட்டியாகிவிட்டது. சரக்கு அதற்குப் பொருந்த வேண்டும்.

காலை சூப்பில் முழு மாத்திரை ஒன்று. மதியம் இரண்டு. கசப்புத் தெரியாமல் இருக்க மிளகு கொஞ்சம் ஜாஸ்தி போட்டேன். "இன்னிக்குக் காரமா இருக்குதுங்க, ஆனா நல்லா இருக்குது. உங்களுக்குச் சமையல் கை வந்துடுச்சு" என்றாள். அவள் என்னிடம் தெளிவாகப் பேசியது அதுதான் கடைசி. மற்றவர்கள் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

நான்கு மணிக்கு என்னை அப்பா என்று கூப்பிட்டாள். அவள் அப்பா இறந்து பதினைந்து வருடம் ஆகிறது. ஐந்தரைக்குப் பேச்சு நின்றது. உடம்பெல்லாம் வேர்வை, கை குளிர்ந்திருந்தது. மெஷினில் பார்த்தேன். முப்பத்தெட்டு. அந்த எண் எதைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரியும். சிவப்பு மையில் எழுதியது ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது.

அப்புறம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நான் யோசித்தேன், மேடம். இப்போது சர்க்கரை கொடுத்தால், விழித்ததும் பசி என்பாள், சோறு கேட்பாள். காலையில் எண் இருநூறைத் தாண்டும். மண்டபத்தில் முப்பத்தாறு நாற்காலி போட்டாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி இறங்கியது என்று கேட்பார்கள். பேசாமல் விட்டால், தானாகவே மெல்ல ஏறி, விடியும்போது நூறு, நூற்றுப் பத்தில் வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டேன். அதிகமாக அடித்துவிட்ட நிறம்கூட ஒரு ராத்திரி காய்ந்தால் சில சமயம் சரியான நிறத்துக்கு வந்துவிடும். நான் பார்த்திருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தேன். முழு மனதோடு செய்தேன்.

பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் நசீமுன்னிசா கேட்டைத் தட்டினாள்.

"அக்கா எங்கண்ணே?"

"தூங்குறா."

"வெளக்கு வைக்கிற நேரத்துலயா? அவ தூங்க மாட்டாளே." தூக்கைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். "நேத்து கை நடுக்கம் எனக்குப் புடிக்கலண்ணே. நான் ஒரு வாட்டி பார்த்துட்டுப் போறேன்."

"நாளைக்குச் சபைக்கு வா தங்கச்சி. அங்க வந்து பாரு, எவ்ளோ தெம்பா இருக்கான்னு."

அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. ஒரு பெண் தனியாக நின்று எவ்வளவுதான் வாதாடுவாள். தூக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

ஏழே முக்காலுக்கு ஜாஸ்மினின் மூச்சில் குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. உடனே நூற்றெட்டுக்கு போன் செய்தேன். வண்டியில் வந்த பையன் குளுக்கோஸ் ஏற்றினான். வேலூரில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எண் ஏறியது, அவள் எழவில்லை. திங்கள் மதியம் முடிந்துவிட்டது. டாக்டர் சோபனா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தச் சின்ன மாத்திரைய யாரு சார் குடுத்தது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். உங்களிடமும் அதையே சொல்கிறேன்.

குழுவில் இருக்கும் பதினாறு பேருக்கும் உடனே செய்தி அனுப்ப என் போனைக் கேட்கிறீர்கள். அவர்களில் நான்கு பேர் என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் என்பது உண்மைதான். போனைத் தருகிறேன். ஆனால் என் யோசனையைக் கேட்டால், ஈஸ்டர் வரைக்கும் பொறுக்கலாம் என்பேன். நல்ல நம்பிக்கையில் இருக்கிறார்கள். மனம் உடைந்துபோவார்கள். சரி, உங்கள் விருப்பம்.

இன்னும் ஒன்று பாக்கி. அன்று மாலை சர்க்கரை டப்பாவைத் திறந்தீர்களா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். திறந்தேன். ஆறே முக்கால் இருக்கும். நசீமுன்னிசாவின் கஞ்சி ஆறிப்போகும் முன்பு குடித்தேன். தூக்கைக் கழுவித் துணியால் துடைத்தேன். டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி சர்க்கரை அள்ளினேன். சமையலறையிலிருந்து பார்த்தால் கட்டில் தெரியும். ஜாஸ்மினுக்கு அப்போது நல்ல மூச்சு இருந்தது. அந்தச் சர்க்கரையைத் தூக்கில் போட்டு மூடினேன்.

அது இன்னும் அடுப்பு மேடையில்தான் இருக்கும். யாரிடமாவது சொல்லி நசீமுன்னிசாவிடம் சேர்த்துவிடுங்கள், மேடம். அன்பாகக் கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் ஆள் நான் இல்லை.